எடைக்குக் கூலி, சுவைக்கு விலை

இப்போது சென்னையிலும் கோவையிலும் கிடைக்கிற ஸ்பெஷாலிட்டி காப்பிப் பொட்டலங்களின் முதுகில் ஒரு ஜாதகமே அச்சிட்டிருக்கிறார்கள். தோட்டம் எந்த மலையில் இருக்கிறது, கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர், செடி என்ன ரகம், பழத்தைத் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்தார்களா அல்லது முழுப்பழமாகவே காயவைத்தார்களா, எந்தத் தேதியில் வறுத்தார்கள். கடைசியாக, குடித்தால் நாக்குக்கு என்ன தெரியும் என்ற குறிப்பு: ஆரஞ்சுத் தோல், வெல்லம், கொஞ்சம் ஏலக்காய்.

இவ்வளவையும் சொல்கிற பொட்டலம் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. அந்தப் பழத்தைப் பறித்தவருக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது? நாள் கணக்கா, கிலோ கணக்கா? "அது தொழிலாளர் பிரச்சினை சார், சுவைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் யோசித்துப் பார்க்கப் போகிறேன்.

"இந்தக் காப்பி நல்லா இருக்கு" என்று சொல்லும்போது நான் யாரைப் பாராட்டுகிறேன்? மலையையா, செடியையா, தோட்டக்காரரையா, வறுத்தவரையா, அல்லது இதையெல்லாம் கண்டுபிடிக்கத் தெரிந்த என் நாக்கையா? கேள்வி இந்த அளவில் நிற்கும்வரை வெறும் ரசனை விஷயம்தான். ஆனால் நான் அந்தப் பாராட்டைப் பணமாக்கிக் கொடுக்கிறேன். சாதாரணக் காப்பியைவிட இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ அதிகமாகக் கொடுக்கிறேன். அந்த அதிகப்படி யாருக்கு உரியது என்று கேட்டால் அது அறம் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது.

*

முதலில் மலைக்கு உரியதை மலைக்குக் கொடுத்துவிடலாம்.

அரபிகா எத்தியோப்பியாவின் மலைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த செடி. கடும் வெயில் ஆகாது, உறைபனியும் ஆகாது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறைகிறது. அந்தக் குளிரில் பழம் அவசரப்படாமல் பழுக்கிறது. பூவிலிருந்து பழத்துக்கு எட்டு, ஒன்பது மாதம். அந்த அவகாசத்தில் விதை இறுகுகிறது, அதற்குள் சர்க்கரையும் அமிலங்களும் சேர்கின்றன. பிறகு வறுக்கும்போது நமக்குக் கிடைக்கிற வாசனையில் பெரும்பகுதி அந்தச் சேமிப்பிலிருந்து வருவதுதான். அதே ரகத்தைத் தாழ்வான, வெக்கையான இடத்தில் நட்டால் சீக்கிரம் பழுக்கும், சுவை தட்டையாக இருக்கும்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். மேலே சில்வர் ஓக், பலா, முள்முருங்கை. மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி. இடையிடையே மலைவாழை. இவற்றின் நிழலில் காப்பி. பார்க்க ஏதோ காடு மாதிரி, யாரும் திட்டமிடாதது மாதிரி இருக்கும். ஆனால் அந்த நிழல் கணக்குப் பார்த்து வளர்த்தது. நிழல் குறைந்தால் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு அரபிகா தண்டுக்குள் புகுந்துவிடும். நிழல் கூடினால் பூ குறையும். கோடையில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மலையே மல்லிகை மாதிரி மணக்கும்.

இதில் உயரம் என்பது யாருடைய உழைப்பும் இல்லை. 1,400 மீட்டரில் நிலம் இருப்பது ஒருவருடைய அதிர்ஷ்டம், 700 மீட்டரில் இருப்பது இன்னொருவருடைய விதி. டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே இதைப் பேசிவிட்டார்: நல்ல நிலம் கூடுதலாகத் தருகிற வருமானம் உழைப்புக்கான கூலி அல்ல, அது நிலத்துக்கான வாடகை. அவர் கோதுமை வயல்களை நினைத்துச் சொன்னது காப்பி மலைக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. பொட்டலத்தில் மீட்டர் கணக்கு அச்சிடுவது ஒருவகையில் அந்த வாடகை ரசீதுதான்.

அப்படியானால் சுவை முழுக்க முழுக்க மலை போட்ட பிச்சையா? இல்லை. பனாமாவின் கெய்ஷா கதை ஞாபகம் வருகிறது. எத்தியோப்பியக் காட்டிலிருந்து 1930களில் சேகரிக்கப்பட்ட அந்த ரகம் கென்யா, தான்சானியா, கோஸ்டா ரிகா என்று சுற்றி 1960களில் பனாமா வந்தது. அங்கே பல ஆண்டுகள் மற்றச் செடிகளோடு செடியாகக் கலந்து நின்றது. ஹசியெண்டா லா எஸ்மெரால்டா தோட்டத்தில் ஒவ்வொரு பகுதியின் காப்பியையும் தனித்தனியாகப் பிரித்துச் சுவைத்துப் பார்த்தபோதுதான் உயரமான ஒரு பகுதியில் மல்லிகையும் எலுமிச்சையுமாக ஏதோ மணப்பது தெரிந்தது. 2004 ஏலத்தில் அது ஒரு பவுண்டு 21 டாலருக்குப் போனது, அன்றைக்கு அது சாதனை. 2019-ல் பனாமாவின் இன்னொரு தோட்டத்துக் கெய்ஷா ஒரு பவுண்டு 1,029 டாலருக்குப் போனது. மலை அங்கேயேதான் இருந்தது, செடியும் இருந்தது. யாரோ ஒருவர் கவனிக்கும்வரை அந்தச் சுவைக்கு விலை இல்லை.

ஆக, மலைக்கு அடுத்து நாம் விலை கொடுப்பது கவனத்துக்கு. யாருடைய கவனம் என்பதுதான் சிக்கல்.

*

குடிப்பவருடைய கவனம் என்று சிலர் சொல்வார்கள். "எல்லாருக்கும் இது புரியாது பாஸ், டேஸ்ட் டெவலப் ஆகணும்." ஸ்பெஷாலிட்டி காப்பிக் கடைகளில் இந்த வாக்கியத்தை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்காமல் வர முடியாது. சிக்கரி கலந்த ஃபில்டர் காப்பி குடிப்பவர்களைப் பற்றி லேசான ஒரு பரிதாபமும் அதில் சேர்ந்தே இருக்கும்.

சுவை என்பது உண்மையிலேயே பண்டத்தில் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா என்ற கேள்வியை 1757-ல் டேவிட் ஹியூம் ஒரு கட்டுரையில் எடுத்துக்கொண்டார். அதில் டான் கிஹோத்தே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்துச் சொல்ல இரண்டு பேரைக் கூப்பிடுகிறார்கள். ஒருவர் நன்றாக இருக்கிறது, ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார். இன்னொருவர் நன்றாக இருக்கிறது, ஆனால் இரும்பு ருசி தெரிகிறது என்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் கிடக்கிறது ஒரு பழைய சாவி, தோல் வாரில் கட்டியது. இரண்டு பேரும் சொன்னது சரிதான். நுட்பமான நாக்கு கற்பனை செய்வதில்லை, இருப்பதைக் கண்டுபிடிக்கிறது என்பது ஹியூம் சொல்ல வந்தது.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் என் பெரியம்மாவை இதற்குள் கொண்டுவந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. லேசாக வறுத்த மலைக்காப்பியைப் பால் இல்லாமல் ஒருமுறை அவருக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இது, எலுமிச்சம்பழத் தோலை ஊறவெச்ச தண்ணி மாதிரி இருக்கு? இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். பொட்டலத்தில் எழுதியிருந்த குறிப்பும் ஏறக்குறைய அதுதான். காப்பி சுவைக்கும் எந்தப் பயிற்சியும் இல்லாமல் பீப்பாய்க்குள் இருந்த சாவியை அவர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். சாவி அங்கே இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் அவர் தரப்பு.

இங்கே இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என்ன இருக்கிறது என்பது ஒன்று, அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது இன்னொன்று. காப்பி உலகமே இந்தக் குழப்பத்தை நீண்ட நாள் சுமந்தது. 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள், நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய ஏட்டை உடைத்து முகர்ந்து, கரண்டியால் உறிஞ்சிச் சுவைத்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். 80-ஐத் தாண்டினால் ஸ்பெஷாலிட்டி. அந்த ஒரே எண்ணுக்குள் விவரணையும் விருப்பமும் கலந்திருந்தன. அண்மையில்தான் ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கம் புதிய மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்து, சுவையை விவரிப்பதையும் அது பிடித்ததா என்பதையும் வெவ்வேறு படிவங்களாகப் பிரித்தது. பெரியம்மாவிடம் கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பார்.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். உலகம் முழுக்கப் பயன்படும் சுவைச் சக்கரத்தில் பிளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி, புளூபெர்ரி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நம்மில் பலர் அவற்றை ஜாம் பாட்டிலில்தான் சந்தித்திருக்கிறோம். நமக்குத் துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் அதைத் தேடிச் சாப்பிடுகிறோம். காப்பிச் சுவைஞருக்கோ அது பெரும்பாலும் குறை. எது குணம், எது குறை என்ற பட்டியலை ஓர் ஊரின் சமையலறை எழுதி மற்ற ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறது.

தமிழ்நாட்டில் காப்பி இந்த வேலையைச் செய்வது முதல்முறையும் அல்ல. நீராகாரம் குடித்த வீடுகளுக்குள் காப்பி எப்படி நுழைந்தது, நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக எப்படி ஆனது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். காப்பி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆகவே யாராவது காப்பிக் கோப்பையைக் காட்டி "உனக்குப் புரியாது" என்று சொன்னால் எனக்குள் ஒரு சின்ன எச்சரிக்கை மணி அடிக்கிறது. கூர்மையான நாக்கு ஒரு திறமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நற்குணம் அல்ல. அந்தத் திறமைக்குத் தனியாகக் கூலி எதுவும் கிடையாது, குடிப்பதில் வருகிற சந்தோஷமே போதும்.

*

இப்போது யாரும் அதிகம் பேசாத கவனத்துக்கு வருகிறேன்.

ஒரு கோப்பைக்கு 15 கிராம் தூள் என்று வைத்தால் நூறுக்கும் மேல் கொட்டை. ஒரு பழத்தில் பெரும்பாலும் இரண்டு கொட்டை. அப்படியென்றால் ஒரு கோப்பைக்கு ஐம்பது, அறுபது பழம். இந்த அறுபதும் ஒரே நாளில் பழுத்தவை அல்ல. பூமழை இரண்டு மூன்று தவணையாகப் பெய்தால் பூவும் தவணையாகத்தான் பூக்கும். ஒரே கிளையில், ஒரே கணுவில், கருஞ்சிவப்புப் பழத்தை ஒட்டியே பச்சைக்காய் இருக்கும். அதைச் சேர்த்துப் பறித்தால் கோப்பையில் முரட்டுத் துவர்ப்பு வரும். வறுக்கும்போது சில கொட்டைகள் நிறமே ஏறாமல் வெளிறி நிற்கும், குவேக்கர் என்பார்கள், நிலக்கடலைத் தோல் மாதிரி ருசிக்கும். அவை பெரும்பாலும் முதிராமல் பறித்த காய்களின் கொட்டைகள். சில நாள் தாமதித்தால் பழம் முற்றிப் புளித்துவிடும்.

பிரேசிலின் சமவெளித் தோட்டங்களில் இயந்திரம் செடியை உலுக்கிப் பறிக்கிறது. மலைச்சரிவில் அது ஏறாது. உயரம் என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குள்ளேயே 'கை' என்பதும் அடங்கியிருக்கிறது. கால் வழுக்கும் சரிவில், இடுப்பில் பையோடு, ஒவ்வொரு பழமாகப் பார்த்து, ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வரவேண்டும்.

கீழ்ப்பழனிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், சரியாகப் பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"பாத்தா தெரியாதா? செவப்பு முத்தி கருஞ்செவப்பா வரணும். ரெண்டு வெரல்ல அமுக்குனா கொட்டை வழுக்கிக்கிட்டு வெளிய வரும். காயா இருந்தா அமுங்கவே அமுங்காது."

"அப்ப பழத்தை மட்டும்தான் எடுப்பீங்களா?"

அவர் சிரித்தார். "எடுக்கச் சொன்னா எடுப்போம் தம்பி. தராசு பழம், காய்னா பாக்குது?"

இந்த ஒரு கேள்வியை நான் எந்தச் சுவைப் பட்டறையிலும் கேட்டதில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிற இடத்தில், பச்சைக்காயும் கிலோதான். கிளையை உருவிப் பறித்தால் ஒரு நாளில் 60 கிலோ, பார்த்துப் பறித்தால் 40 கிலோ என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த 20 கிலோ வித்தியாசம்தான் என் கோப்பையில் துவர்ப்பு இல்லாததற்குக் காரணம். அதன் செலவை ஏற்றவர் அந்த அக்கா. அவருடைய கவனம் கோப்பையில் தெரிகிறது, பொட்டலத்தின் விலையில் தெரிகிறது, கூலியில் மட்டும் அபராதமாகத் தெரிகிறது.

சீமோன் வெய் இந்த இடத்தில் உதவுவார். தத்துவ ஆசிரியையாக இருந்தவர் 1934-35-ல் பிரெஞ்சுத் தொழிற்சாலைகளில் கூலியாக வேலை செய்தார். எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில் வேகம் ஒன்றே குறியாகும்போது மனிதருக்குள் சிந்தனை எப்படி அணைகிறது என்பதை அங்கே அவர் தன் உடம்பிலேயே பார்த்தார். பிற்பாடு கவனத்தையே அறத்தின் மையத்தில் வைத்து எழுதினார். இன்னொன்றின் முன் தன்னை நிறுத்தி, அவசரப்படாமல், அது என்னவாக இருக்கிறதோ அப்படியே பார்ப்பது. ஒரு பழம் பழுத்துவிட்டதா, இன்னும் நான்கு நாள் விடவேண்டுமா என்று கை ஒரு நொடி நிற்பதும் அதே கவனம்தான். நாம் அந்த ஒரு நொடியை அவரிடம் கேட்கிறோம், அதே நேரத்தில் அந்த ஒரு நொடிக்காகவே அவர் கூலியைக் குறைக்கிறோம். ஒருவரிடம் ஒரு நற்செயலைக் கேட்டுவிட்டு, செய்தால் நஷ்டம் வரும்படி ஏற்பாடும் செய்து வைப்பது அநியாயம் என்று சொல்ல பெரிய தத்துவம் தேவையில்லை.

*

மறுப்புகள் இருக்கின்றன. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "இதெல்லாம் பிறகு இயந்திரத்தில் பிரித்துவிடலாமே?" பிரிக்கலாம். தண்ணீரில் போட்டால் பொக்கு மிதக்கும், நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் உண்டு. ஆனால் இயந்திரம் கெட்டதைத் தள்ளத்தான் முடியும். பறித்த காயைத் திரும்பக் கிளையில் ஒட்டவைத்துப் பழுக்கவைக்க முடியாது. மரத்தில் விட்டுவைக்கத் தெரிந்த கை வேண்டும்.

இரண்டு: "சுவைக்கு நல்ல விலை கிடைத்தால் அது தானாகக் கீழே வரும்." இதற்கு நம் காப்பி வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1940களிலிருந்து 1990களின் பாதிவரை, தோட்டக்காரர்கள் காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். எல்லார் காப்பியும் தரவாரியாக ஒன்றாகக் கலக்கும், வாரியம் விற்கும், பணம் தவணையாக வரும். நான் மெனக்கெட்டு விளைத்ததும் பக்கத்துத் தோட்டத்தில் ஏனோதானோவென்று விளைத்ததும் ஒரே மூட்டையில் போனால் நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1990களில் அந்த முறை தளர்ந்து முடிவுக்கு வந்த பிறகுதான் இந்தியத் தோட்டங்கள் தங்கள் பெயரில் காப்பி விற்க முடிந்தது. இன்றைய ஸ்பெஷாலிட்டி பொட்டலம் அந்த விடுதலையின் குழந்தை. ஆனால் பறிப்பவர் இன்னும் பொதுத் தொகுப்பில்தான் இருக்கிறார். மெனக்கெட்டுப் பறித்த கூடையும் உருவிப் பறித்த கூடையும் ஒரே தராசில், ஒரே விலையில். தோட்டக்காரர் அன்று கேட்ட அதே கேள்வியை அவர் இன்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்? விலை தானாகக் கீழே இறங்கும் என்றால், தோட்டக்காரர்களையும் அன்று காத்திருக்கச் சொல்லியிருக்கலாமே.

இன்னும் பின்னால் போனால் இலங்கை. 19-ஆம் நூற்றாண்டில் கண்டி மலைகளின் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காடு வழியே நடந்துபோனவர்கள் பறித்ததுதான் லண்டனுக்குப் போனது. வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1869-ல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்தப் பூஞ்சைக்கு இலத்தீன் பெயர் இருக்கிறது, அழிந்த தோட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன. பறித்தவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்காது.

மூன்று: "தோட்டக்காரரே திணறுகிறார், அவரிடம் போய் எதைக் கேட்பது?" உண்மைதான். இந்தியக் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பான்மை பத்து ஹெக்டேருக்குள் அடங்கும் சிறு தோட்டங்கள். பலர் குடும்பமாகவே பறிக்கிறார்கள். மழை தப்பினால், சந்தை விழுந்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் கேள்வியைத் தோட்டத்தின் வாசலில் மட்டும் வைக்க நான் விரும்பவில்லை. அதிகப்படி விலை முதலில் வந்து சேர்வது வறுத்து விற்பவரின் கையில். கூலி முறைக்கு அதில் எவ்வளவு ஒதுக்குவது என்பதைத் தோட்டத்தோடு சேர்ந்து பேச வேண்டியவரும் அவர்தான்.

அப்படியானால் இதைக் குடிக்காமல் விட்டுவிடலாமா? அது எனக்குச் சரியாகப் படவில்லை. மலிவான காப்பி ஒன்றும் களங்கமற்றது இல்லை. அங்கேயும் அதே தராசுதான். அங்கே பறிப்பவரிடம் கவனத்தைக் கேட்பதில்லை என்பதால் அவருக்குக் கடன்பட்டிருப்பதே குடிப்பவருக்குத் தெரிவதில்லை. நல்ல மலைக்காப்பியில் அது நாக்கில் தெரிகிறது. துவர்ப்பில்லாத ஒரு சுத்தமான மிடறு, யாரோ ஒருவர் காயை விட்டுவைத்தார் என்பதற்கான சாட்சி. தெரிந்த பிறகு தெரியாதது போல இருப்பது கஷ்டம்.

*

செய்யக்கூடியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வாங்கும்போது இரண்டு கேள்வி கேட்கலாம். எத்தனை சுற்றுப் பறித்தார்கள்? பறிப்புக்குக் கூலி நாள் கணக்கா, கிலோ கணக்கா, கிலோ என்றால் பழுத்த பழத்துக்குத் தனி விலை உண்டா? நான் சில கடைகளில் கேட்டுப் பார்க்கிறேன். உயரத்தை மீட்டர் சுத்தமாகச் சொல்பவர்கள் இதற்கு "அது எஸ்டேட்ல பாத்துப்பாங்க சார்" என்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் விசாரித்துச் சொல்கிறோம் என்று எண்ணை வாங்கிக்கொண்டார்கள். பழத்துக்குத் தனி விலை வைப்பது நடக்காத காரியமும் அல்ல, கூடையை இரண்டாகப் பிரித்து எடை போட்டால் போதும்.

இதில் ஒரு ஆபத்து இருப்பதும் தெரிகிறது. நாளைக்குப் பொட்டலத்தில் ஆரஞ்சுத் தோல், வெல்லம், ஏலக்காய், அதற்குப் பக்கத்தில் 'நியாயமான கூலி' என்று அச்சிடுவார்கள். நியாயமும் ஒரு சுவைக் குறிப்பாகிவிடும். நான் அதையும் சேர்த்துக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் நல்லவனாக உணர்வேன். இம்மானுவேல் காண்ட் 1785-ல் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டினார். எல்லாருக்கும் ஒரே விலைக்கு விற்கிறார், யாரையும் ஏமாற்றுவதில்லை, ஆனால் வியாபாரம் நன்றாக நடக்கவேண்டும் என்பதற்காக. அந்த நேர்மைக்கு அற மதிப்பு இல்லை என்பார் காண்ட். அவர் கணக்கில் நானும் தேறமாட்டேன்.

பரவாயில்லை. என் மனம் சுத்தமாக இருக்கிறதா என்பது எனக்கு முக்கியமாக இருக்கலாம், சரிவில் நிற்கும் அந்த அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது, காயை விட்டுவைத்த நாளிலும் மாலையில் கைக்கு வருகிற காசு குறையாமல் இருப்பது. அது தவறான காரணத்துக்காக நடந்தாலும் நடக்கட்டும். என் காரணங்களைப் பற்றி நான் பிறகு சாவகாசமாக வருத்தப்பட்டுக்கொள்வேன்.